பசையே இல்லாத சிலிகான் டேப் பைப் கசிவை நிறுத்துமா?

பள்ளத்தூர் வீட்டைப் பற்றிக் கேட்ட ஆச்சிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் நான் புரிந்துகொண்டது இது. இரண்டாம் கட்டுச் சுவரோரமாகப் போகும் முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்), நடுப்பகுதியில், ஊசி குத்தியதுபோல் ஒரு ஓட்டை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார், மறுநாளே அது வழுக்கி இறங்கிவிட்டது. ஹார்டுவேர் கடையில் சிலிகான் டேப் என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் பசையே இல்லை, விரலில்கூட ஒட்டவில்லை, போலிச் சரக்கோ என்று உங்களுக்குச் சந்தேகம். இன்னும் பத்து நாளில் அப்பச்சியின் எண்பதாம் கல்யாணம். அதுவரை தாங்குமா, அதையே போர்வெல் மோட்டார் வயர் ஜாயின்டுக்கும் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பைப் வேலையும் வயரிங் வேலையும்தான் என் தொழில். முதல் சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அது போலி இல்லை. அந்த டேப்பில் பசை இருக்கக் கூடாது. அது பைப்பில் ஒட்டவே ஒட்டாது. தன் மேல் தானே ஒட்டும், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால், எங்கே சுற்றலாம், எங்கே கூடாது என்பது தானாகப் பிடிபடும்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். பட்டையைச் சுற்றி வரட்டி அடுக்கி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் ஏற்றித் தண்ணீரை ஊற்றுவார்கள். சுருங்குகிற பட்டை வட்டையையும் ஆரக்கால்களையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசை இல்லை, பிடிப்புக்குக் காரணம் அந்தச் சுருக்கம்தான். சிலிகான் டேப்பும் அப்படித்தான். அங்கே நெருப்பு விரித்ததை இங்கே நம் கை இழுத்து விரிக்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற ரப்பர், பைப்பை நெரிக்கிறது. அதற்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே குழாயாகிவிடுவதால், அவிழ வழியில்லை.

சுற்றுகள் ஏன் சேருகின்றன என்று கேட்பீர்கள். சிலிகான் ரப்பரின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும். ஆற்று மணலில் இருப்பதும் அதே இரண்டும்தான். அதனால்தான் வெயிலில் மற்ற ரப்பர் வெடித்துப் பொடியாகும்போது இது அப்படியே கிடக்கிறது. இந்த டேப்புக்கான ரப்பரில் சிறிதளவு போரான் சேர்மம் கலந்திருப்பார்கள். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரின் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் முகத்தை இன்னொரு சுற்றின் முகம் அழுத்தித் தொடும்போது, இந்தப் போரான் இரண்டுக்கும் நடுவே கை கோத்துக்கொள்கிறது. 1943-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் ரைட் என்பவர் சிலிகான் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தபோது, துள்ளுகிற களிமண் மாதிரி ஒரு பொருள் கிடைத்தது. பின்னால் அது சில்லி புட்டி என்ற பெயரில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஆனது. நறுக்கின துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் மறுபடி ஒன்றாகிவிடும் அந்தக் குணம்தான் உங்கள் கையில் இருக்கும் டேப்பிலும் இருக்கிறது.

கடைக்காரர் கொடுத்தது சரியான சரக்குதானா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சாண் நீளம் நறுக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, ஒரு பென்சிலில் இரண்டு மடங்கு நீளம் வருமளவு இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். கால் மணி நேரத்தில் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தால் லேசாக எதிர்க்கும். மறுநாள் நகம் நுழையவே இடம் இருக்காது. அப்போது பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்து, வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பல சுற்றுச் சுற்றியிருப்பீர்கள், ஆனால் ஒரு கோடுகூடத் தெரியாது. வெங்காயம்போல் தோல் தோலாக வராமல், நுங்குபோல் ஒரே சதையாக இருக்கும். அப்படி இருந்தால் நல்ல டேப். கோடு கோடாகப் பிரிந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனிச் சுற்றும் முறை. பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்துக் காட்டினால் போதும், ஒரு மணி நேர வேலைதான்.

டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து லைனை வடியவிடுங்கள். பைப் ஈரமாக இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் ஓட்டையில் தண்ணீர் துளிர்த்துக்கொண்டே இருந்தால், அது சுற்றுகளுக்கு நடுவில் புகுந்து சேரவிடாமல் செய்யும். பழைய இன்சுலேஷன் டேப்பின் பிசின் துளியும் மிஞ்சக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். அப்புறம் ஓட்டையைச் சுற்றித் துருப் பொருக்கு எழும்பியிருக்கும், அதைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் மழமழவென்று தேய்க்க வேண்டும். ஓட்டைக்கு மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள். வெளியே ஊசித் துளையாகத் தெரிந்தாலும் உள்ளிருந்து அரித்து வந்த பள்ளம் அது, சுற்றியுள்ள இரும்பு காகிதமாக மெலிந்திருக்கும். விரலை ஓட்டிப் பாருங்கள். கூர்மையாக எதுவும் தட்டுப்படக் கூடாது. ஏனென்றால் இந்த டேப்பின் பெரிய பலவீனம் கிழிசல். இழுத்த நிலையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அது அப்படியே ஓடிப் பட்டென்று அறுந்துவிடும்.

அடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேவகோட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில்தான் நான் முதன்முதலில் இதைச் சுற்றினேன். காலையிலிருந்து ஜி.ஐ. பைப்புக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த கை, டைக்கு விடுகிற எண்ணெய் விரல் இடுக்கெல்லாம் இருந்தது. வேட்டி நுனியில் துடைத்துவிட்டுச் சுற்றினேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அந்த வீட்டம்மா போன் செய்தார்கள். போய்ப் பார்த்தால், சுற்றினது சுற்றினபடி ரிப்பன்போல் தளர்ந்து தொங்குகிறது, கீழே ஆத்தங்குடிக் கல் முழுக்கத் துருத் தண்ணீர். எண்ணெய் பட்ட இடத்தில் இந்த டேப் சேரவே சேராது. நம் ஊர்ச் செம்மண் புழுதியும் அதே மாதிரிதான். தாளை உரித்த டேப்பைத் தரையில் வைக்காதீர்கள், காற்றடிக்கும் நேரத்தில் மாடியில் சுற்றாதீர்கள். சுற்றச் சுற்றத் தாளை உரித்துக்கொண்டே போவதுதான் நல்லது. மொத்தமாக உரித்துப் போட்டால், ஒன்றின் மேல் ஒன்று பட்டு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

ஓட்டைக்கு மூன்று விரல் தள்ளி, அதாவது 5 சென்டிமீட்டருக்கு முன்னால் ஆரம்பியுங்கள். முதல் சுற்றை இழுக்காமல், டேப்பின் நுனி மேலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அழுத்திவிடுங்கள். பைப்பில் பிடிப்பு இல்லாததால் நுனிக்குத் தன் மேலேயே ஒரு பிடி வேண்டும். இரண்டாம் சுற்றிலிருந்து இழுங்கள். இரண்டு மடங்கு என்று எழுதுவது சுலபம், கைக்கு எப்படித் தெரியும்? 25 மில்லிமீட்டர் அகலமுள்ள டேப் இழுபடும்போது கண்ணெதிரே ஒடுங்கி, 18 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது, டேப்பின் நிறமும் சற்று வெளிறிவிட்டது என்றால் சரியான இழுவை. பல டேப்புகளில் நடுவே ஒரு கோடு இருக்கும். அடுத்த சுற்றின் ஓரம் அந்தக் கோட்டில் வந்து உட்கார வேண்டும், தலைப்பாகைக்காரர் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றுவதுபோல. ஓட்டையைக் கடக்கும்போது இழுவையைத் தளர்த்தாதீர்கள், அங்கேதான் நெரிப்பு அதிகம் தேவை. அந்தப் பக்கமும் 5 சென்டிமீட்டர் போய்விட்டு, அறுக்காமல் அப்படியே திரும்பி வாருங்கள். பாதிக்குப் பாதி ஏறுவதால் ஒரு நடைக்கு இரண்டு அடுக்கு, போய் வந்தால் நான்கு அடுக்கு. கடைசிச் சுற்றை மறுபடி இழுக்காமல் படியவைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் தேய்த்து அழுத்துங்கள். கடைசிச் சுற்று இழுவையோடு முடிந்தால், அது சேருவதற்கு முன்பே நுனி சுருண்டு பின்வாங்கும்.

முக்கால் அங்குலப் பைப்பின் வெளிச்சுற்று எட்டரை சென்டிமீட்டர். ஒரு நடைக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடவும், இரண்டு நடைக்கு ஒரு மீட்டருக்கு மேலும் பிடிக்கும். கடையில் பெரும்பாலும் கிடைப்பது 3 மீட்டர் ரோல். ஆகவே உங்களுக்குத் தாராளம், கஞ்சத்தனம் வேண்டாம், மூன்றாவது நடையும் சுற்றிவிடுங்கள்.

உடனே வால்வைத் திறக்காதீர்கள். அவசரத்துக்குக் கால் மணியில் திறக்கலாம்தான், ஆனால் முழுதாகச் சேர ஒரு நாள் எடுக்கும். இன்று சாயங்காலம் சுற்றினால் நாளைச் சாயங்காலம் திறவுங்கள். உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறதே, எதற்கு அவசரம்?

தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். அது பைப்பில் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மாடி டேங்கின் நீர்மட்டத்துக்கும் உங்கள் இரண்டாம் கட்டுப் பைப்புக்கும் 7, 8 மீட்டர்தான் இருக்கும். முக்கால் கிலோ அழுத்தம், ஊசித் துளை, நான்கிலிருந்து ஆறு அடுக்கு டேப். இது தாங்கும். விசேஷத்துக்கு எத்தனை பேர் வந்து எத்தனை குழாயைத் திறந்தாலும் டேங்க் அழுத்தம் கூடப்போவதில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். இதுவே போரிலிருந்து மாடிக்கு ஏறும் மோட்டார் லைனாக இருந்தால் என் பதில் வேறு. அங்கே அழுத்தம் பல மடங்கு, அதோடு கரண்ட் போய் மோட்டார் சட்டென்று நிற்கும்போது தண்ணீர்த் தூண் திரும்பி வந்து அடிக்கிற அடியும் உண்டு. அந்த லைனில் டேப்பை மட்டும் நம்ப மாட்டேன். ரப்பர் வைத்த கிளாம்ப் போடுவேன், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மாற்றிவிடுவேன்.

உங்கள் ஓட்டை பைப்பின் நடுவில் இருப்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். மரைப் பக்கத்தில், அதுவும் பித்தளை வால்வை ஒட்டிய மரையில் கசிந்தால் டேப் அவ்வளவாக உதவாது. மரை வெட்டிய இடத்தில் இரும்பு ஏற்கெனவே மெலிசு, துத்தநாகப் பூச்சும் போயிருக்கும். இரும்பும் பித்தளையும் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் ஒரு சின்ன பேட்டரியாகி, இரும்புதான் கரையும். இந்த மாதிரி அரிமானத்தையும் ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய நிறுவனம். அப்படி இருந்தும் நம் வீடுகளில் பித்தளை வால்வுக்கும் ஜி.ஐ. பைப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்புப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அது எனக்கு ரொம்ப நாளாகவே உள்ள வருத்தம்.

வட்டமாகச் சுற்றி வர முடியாத இடத்திலும் இது பயன்படாது. டேங்க் சுவர் விரிசல், முற்றத்து ஓரத்தில் ஓடும் தகரத் தாழ்வாரம், பிளாஸ்டிக் தொட்டி என்று தட்டையான எதிலும் ஒட்டவைக்க முடியாது, நெரிக்க ஆள் இல்லையே. அங்கெல்லாம் எம்-சீல் மாதிரிப் பிசைந்து அப்புவதுதான் வழி. டீ, எல்போ போன்ற மூலைகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் சமாளிக்கலாம், ஆனால் உட்குழிவில் டேப் பாலம் கட்டியதுபோல் எழும்பி நிற்கும், அதன் அடியில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப்பிலும் பசை இருக்காது என்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மரைக்குள் அடைக்க, இது வெளியே நெரிக்க. ஒன்றை மற்றதற்குப் போட்டால் வேலை ஆகாது.

காஸ் டியூபில் மட்டும் எக்காரணம் கொண்டும் சுற்றிவிடாதீர்கள். விசேஷ வீட்டில் சமையல்காரர்கள் அவசரத்தில் எதையும் செய்வார்கள், பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிலிகான் ரப்பர் தண்ணீரைத் தடுக்கும், வாயுவைக் கசியவிடும். காஸ் டியூபில் சந்தேகம் வந்தால் புது டியூப்தான். பெட்ரோல், டீசல் குழாய்களுக்கும் கூடாது, ஊறிப் போய்த் தளர்ந்துவிடும்.

மோட்டார் வயர் ஜாயின்டைப் பற்றிக் கேட்டீர்கள். மின்சாரத்தைத் தடுப்பதில் இந்த டேப் கெட்டிக்காரன்தான். அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே அடுக்கு, ஆய்வுச் சோதனையில் 8,000 வோல்ட் அளவுக்குத் தாங்கும். வீட்டுக்கு வருவது 230, மூன்று பேஸ் மோட்டாருக்கு 415. சூடு என்றால் 260 டிகிரி வரை என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதனால் மாடியில் வெயில் காயும் வயர் ஜாயின்டு, பூட்டிக் கிடக்கிற வீடுகளில் இப்போது எல்லோரும் மாட்டுகிற கேமராவின் கேபிள் இணைப்பு, டிஷ் ஆன்டெனா முனை ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. சித்திரை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பிசின் உருகி வழியும், இது அசையாது. ஆனால் அணிலும் எலியும் கடித்தால் போய்விடும், அவை ஓடுகிற பாதையாக இருந்தால் மேலே ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைப் போட்டு மூடுங்கள்.

போருக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் கேபிள் ஜாயின்டுக்கு மட்டும் வேண்டாம். அங்கே வருஷக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். நீராவி சிலிகானுக்குள் மெல்ல ஊடுருவும். அதோடு மோட்டாரை இறக்கும்போதும் ஏற்றும்போதும் கேசிங் பைப்பில் உரசுமே, அந்த உரசலுக்கு இது கிழியும். அதற்கென்று கறுப்பு ரப்பர் டேப் இருக்கிறது. அதுவும் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே சேருகிற ஜாதிதான், ஆனால் வேறு ரப்பர், நீர் புகுவது குறைவு. வெயில் அதற்கு ஆகாது, போருக்குள் வெயில் ஏது? மூன்று வயரின் ஜாயின்டுகளும் ஒரே இடத்தில் வராமல் படிப்படியாகத் தள்ளி முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் டேப் சுற்றி, மேலே மொத்தமாக ஒரு தடவை ரப்பர் டேப், அதற்கும் மேல் உரசலுக்காக பி.வி.சி. இன்சுலேஷன் டேப். இதுதான் வழக்கம். எந்த டேப்பாக இருந்தாலும் வயரின் இழுவையைத் தாங்காது, முறுக்கோ குழாய் இணைப்போ முதலில் பலமாக இருக்க வேண்டும். இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள், மெயினை அணைக்காமல் யாரும் தொட வேண்டாம்.

விசேஷம் நல்லபடியாக முடிந்ததும் அந்தப் பைப்பை மாற்றிவிடுங்கள். ஒரு இடத்தில் உள்ளிருந்து பொத்துக்கொண்டது என்றால், அதே வயதுள்ள மீதிப் பைப்பும் அதே நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும். இப்போது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்தது சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் வந்தால், பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுவரைத் திரும்பப் பூசக் கைத்திறன் உள்ள கொத்தனார் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாற்றுகிற அன்று டேப்பை நீளவாக்கில் பிளேடால் கீறினால், நுங்குத் தோல்போல் முழுசாகக் கழன்று வரும். பைப்பில் பிசுக்கு எதுவும் இருக்காது.

மீதி டேப்பை அதன் தாளோடு பழையபடி சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, புழுதியும் எண்ணெயும் படாத நிழலான இடத்தில் வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டியிருந்தால், சுற்றுவதற்கு முன் அந்தப் பென்சில் சோதனையை இன்னொரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.